முன் ஸ்பீக்கர் இரண்டும் வேலை செய்யவில்லை

ஜெயசீலன் அண்ணன் இல்லையா? எங்க போயிருக்கார்? சரி, அது எனக்கு எதுக்கு. கடை சீல் இங்கதானே இருக்கும்? நீங்கதானே அவர் வீட்டுக்காரங்க, பிலோமினா அக்கா? வெளிய போர்டுல உரிமையாளர்னு உங்க பேர்தான் போட்டிருக்கு, பார்த்துட்டுத்தான் ஏறினேன். அப்ப நீங்களே கையெழுத்துப் போடலாம். சட்டப்படி அதுதான் இன்னும் நல்லா செல்லும்.

முறைக்காதீங்க அக்கா. ஆமா, நான்தான். நெட்டுல உங்க கடைக்கு ஒத்தை ஸ்டார் போட்ட பொண்ணு நான்தான். "வத்தலக்குண்டுக்காரர்களே, இந்தக் கடையில் ஏமாறாதீர்கள்"னு மூணு பத்தி எழுதினதும் நான்தான். நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பினதும் நான்தான். நான் எதையும் மறைக்கிற ஆள் இல்ல. மறைக்கிறது எனக்குப் பிடிக்கவும் பிடிக்காது. அதனாலதான் நேரா வந்திருக்கேன். உட்காரலாமா? நின்னுக்கிட்டே சொல்றேன், பரவாயில்ல. மணி மூணேகால். ஆறு மணிக்குள்ள இந்த லெட்டர் வீரபத்திரன் முதலாளி மேசையில இருக்கணும்.

இதான் லெட்டர். நானே டைப் பண்ணிக் கொண்டாந்துட்டேன், உங்களுக்கு வேலை வைக்கல. படிச்சுப் பாருங்க. நாலே வரி. "நேற்றைய தினம் மேற்படி காரில் முன் ஸ்பீக்கர் இரண்டும் வேலை செய்யவில்லை. பின் ஸ்பீக்கர்களில் மட்டுமே சத்தம் வந்தது. இது எங்கள் கடையின் பொருத்துதலில் ஏற்பட்ட குறை." அவ்வளவுதான். கீழ சீல், கையெழுத்து. இதுக்குப் பதிலா நான் மனுவை வாபஸ் வாங்கிடுறேன், ஸ்டாரையும் அஞ்சா மாத்திடுறேன். நியாயமான பேச்சுதானே?

பொய்யா? எது பொய்? அக்கா, நீங்க அவசரப்படுறீங்க. முழுசாக் கேளுங்க. கேட்டுட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க, நான் ஏத்துக்கிறேன்.

எங்கப்பா தவசிமுத்து. வீரபத்திரன் டிராவல்ஸ்ல பத்தொன்பது வருஷமா டிரைவர். கொடைக்கானல் மலைக்கு அவர் வண்டி ஏத்துற மாதிரி யாரும் ஏத்த முடியாதுன்னு ஸ்டாண்டுல கேட்டாலே சொல்வாங்க. ஒரு கீறல் கிடையாது. நான் எம்.ஏ. பொருளாதாரம் ரெண்டாம் வருஷம், ஹாஸ்டல். சனி ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வருவேன். பேச்சுப்போட்டி, விவாத மேடைன்னு எங்க நடந்தாலும் நான்தான் போவேன். கப்பு வைக்க வீட்டுல இடமில்ல. அதுக்கெல்லாம் காரணம் அப்பாதான். எங்கம்மா ரெண்டு வரிக்கு மேல கேக்க மாட்டாங்க, "போதும்டி, அடுப்புல பால் இருக்கு"ன்னு போயிடுவாங்க. அப்பா அப்படி இல்ல. கட்டில்ல உட்காந்து என் முகத்தையே பார்ப்பார். ஒரு மணி நேரம் பேசினாலும் குறுக்க ஒரு வார்த்தை பேச மாட்டார். தலையாட்டிக்கிட்டே இருப்பார். போன வருஷம் ஒலி மாசு பத்திப் பேசி முதல் பரிசு வாங்கினப்ப முன் வரிசையில உட்காந்திருந்தார். எல்லாரும் கை தட்டி ஓய்ஞ்ச பிறகு அவர் கொஞ்சம் தள்ளித் தட்டினார். அடக்கமான மனுசன்னு நினைச்சுக்கிட்டேன்.

சரி, பாட்டு செட்டுக்கு வர்றேன்.

தை மாசம் முதலாளி அப்பா ஓட்டுற காருக்குப் புது செட்டு மாட்டச் சொன்னார். உங்க கடையிலதான் மாட்டினது. நாலு ஸ்பீக்கர், தொடுதிரை. ஒரு வாரம் பாடுச்சு. அப்புறம் ஊமை. லைட் எரியுது, பாட்டுப் பேர் ஓடுது, நிமிஷம் நொடி எல்லாம் ஓடுது, சத்தம் மட்டும் இல்ல. பார்ட்டி எல்லாம் குறை சொல்ல ஆரம்பிச்சாங்க. "என்ன டிரைவர், மலைக்குப் போறோம், ஒரு பாட்டு இல்லையா"ன்னு. அப்பா, "செட்டு ரிப்பேர் சார்"னு சொல்வாராம். யாரோ ஒரு பார்ட்டி முதலாளிக்கு போன் போட்டு, "உங்க டிரைவர்கிட்ட பாத்ரூம் எங்க இருக்குன்னு கேட்டாலும் செட்டு ரிப்பேர்னுதான் சொல்றார்"னு சொல்லியிருக்காங்க. ஸ்டாண்டுல எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். முதலாளி சிரிக்கல. "தவசி, செட்டை என்னய்யா பண்ணினே? வயரை வித்துட்டியா?"ன்னு நாலு பேர் முன்னாடி கேட்டுட்டார்.

பத்தொன்பது வருஷம் அக்கா. வயரை வித்துட்டியான்னு ஒரு கேள்வி. எனக்கு எப்படி இருக்கும்?

அன்னைக்கே அப்பாவைக் கூட்டிக்கிட்டு உங்க கடைக்கு வந்தேன். நீங்க இல்ல, அண்ணன்தான் இருந்தார். ரெண்டு தகடு மாதிரி சாவியைச் செருகி செட்டை உருவினார். பின்னாடி கையை விட்டார். பாட்டு வந்துருச்சு. ரெண்டு நிமிஷ வேலை. "பிளக் கழண்டிருக்கு"ன்னார். மறுவாரம் திரும்பவும் ஊமை. திரும்ப வந்தோம். திரும்ப ரெண்டு நிமிஷம். இந்தத் தடவை என்கிட்ட மெதுவா, "தங்கச்சி, இது தானாக் கழண்ட மாதிரித் தெரியல, யாரோ கையால உருவியிருக்காங்க"ன்னார். எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்! வண்டியில எங்கப்பாவைத் தவிர யார் இருக்கா? அப்ப யாரைச் சொல்றார்? "உங்க வேலையில குறை இருந்தா ஒத்துக்கங்க, உழைக்கிறவன் மேல பழி போடாதீங்க"ன்னேன். ரோட்டுல போனவங்க எல்லாம் நின்னு கேட்டாங்க. நல்லாத்தான் பேசினேன்.

மூணாவது தடவை வந்தப்பதான் கூத்து. அண்ணன் செட்டைத் தொடவே இல்ல. எங்கப்பாவைப் பார்த்தார். எங்கப்பா அவரைப் பார்த்தார். அண்ணன் எங்கப்பாவை, "வாங்கண்ணே, டீ குடிச்சுட்டு வருவோம்"னு கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனார். அரை மணி நேரம். திரும்பி வந்து என்கிட்ட, "சரிம்மா, தப்பு என்னுதுதான். நான் பொருத்தினது சரியில்ல"ன்னார்.

வாக்குமூலம்! அவர் வாயாலயே! இதைவிட என்ன வேணும்? அந்த ஒரு வரியை வச்சுத்தான் மனுவே எழுதினேன். தேதி, நேரம், சாட்சி எல்லாம் போட்டு. அண்ணன் அதுக்கு ஒரு பதிலும் போடல. பதில் இல்லாதவன்தான் பேசாம இருப்பான்னு நான் நினைச்சேன். தப்பா? அன்னைக்கு என் கையில இருந்த தகவலுக்கு அந்த முடிவு சரிதான் அக்கா.

சீட் கவர் கேட்டு ஆள் வந்திருக்காங்க பாருங்க. நாளைக்கு வரச் சொல்லுங்க. இல்லைன்னா கொடுத்து அனுப்புங்க, நான் இருக்கேன்.

அனுப்பிட்டீங்களா? சரி.

நேத்து ஞாயித்துக்கிழமை. முதலாளி முன்னாடி, ஸ்டாண்டுல, எல்லா டிரைவரும் இருக்கும்போது நானே அந்த செட்டைப் பிரிச்சுக் காட்டுறதுன்னு முடிவு பண்ணினேன். ஒரு மாசமா இதைத்தான் படிச்சேன். பரிட்சைக்குக்கூட அப்படிப் படிக்கல. அப்பா டீசல் போடப் போயிருந்தார், வேற வண்டியில. நல்லதாப் போச்சு, அவர் வந்து பார்க்கும்போது வேலை முடிஞ்சிருக்கணும்னு நினைச்சேன்.

முதல்ல மியூட் பார்த்தேன், இல்ல. சத்தம் முன்னாடி பின்னாடின்னு ஒரு பக்கமா ஒதுக்கி வச்சிருக்கான்னு பார்த்தேன், நடுவுலதான் இருந்துச்சு. ஃபியூஸ் நல்லா இருக்கு. அப்புறம் கதவு ஓரமா அட்டையைக் கழட்டி, ஸ்பீக்கர் வயரை எடுத்து, சுவர்க் கடிகாரத்துக்குப் போடுற சின்ன பேட்டரியைத் தொட வச்சேன். டப். அடுத்ததுல வச்சேன். டப். நாலு ஸ்பீக்கரும் உயிரோட இருக்கு. டிரைவர் எல்லாம் சுத்தி நின்னுட்டாங்க. பால்பாண்டி அண்ணன், "ஏத்தா, நாடி பிடிச்சுப் பார்க்குற டாக்டரு மாதிரில்ல இருக்கு"ன்னார். முதலாளியே ஆபீஸை விட்டு எழுந்து வந்துட்டார். "அப்ப கோளாறு ஸ்பீக்கர்ல இல்ல, செட்டுல இருக்கணும், இல்லைன்னா நடுவுல இருக்கணும். இது அடிப்படைத் தர்க்கம்"னு எல்லாருக்கும் விளக்கினேன். ஜெயசீலன் அண்ணன் வச்சிருக்கிற மாதிரியே ரெண்டு சாவி காருக்குள்ள டேஷ்போர்டு அறையில இருந்துச்சு. அது எதுக்கு அங்க இருக்குன்னு எனக்கு அப்பத் தோணல. அதைப் போட்டு உருவினேன். பின்னாடி ரெண்டு பிளக். கரண்டு பிளக் மாட்டியிருக்கு. ஸ்பீக்கர் பிளக் தனியாத் தொங்குது. சுத்தமா, ஒரு சேதம் இல்லாமத் தொங்குது. மாட்டினேன்.

அக்கா, என்ன சத்தம்! ஒலியளவு முழுசா வச்சிருந்திருக்கு. தவில் நாதஸ்வரத்தோட ஒரு கல்யாணப் பாட்டு. ஸ்டாண்டே அதிருது. புறா எல்லாம் பறந்துருச்சு. நான் கையைத் தூக்கிட்டேன். பால்பாண்டி அண்ணன் விசில் அடிச்சார்.

அப்பதான் அப்பா வந்தார்.

வண்டியை விட்டு இறங்கி, கூட்டத்தைப் பார்த்துட்டு வேகமா வந்தார். டிரைவர் பக்கக் கதவுகிட்ட நின்னார். திரையை எட்டிப் பார்த்தார். திரை எப்பவும் போல ஓடிக்கிட்டு இருக்கு, பாட்டுப் பேரு, நிமிஷம், நொடி. முதலாளி சிரிச்சுக்கிட்டே, "என்ன தவசி, எப்படி இருக்கு?"ன்னு கேட்டார்.

அப்பா தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "அதான் முதலாளி, நான் சொல்லிக்கிட்டே இருக்கேனே. ஓடுது. சத்தம்தான் வரல"ன்னார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவுல.

யாரும் சிரிக்கல அக்கா. யாராவது சிரிச்சிருந்தாக்கூட நான் சண்டை போட்டிருப்பேன். அப்பா எல்லார் முகத்தையும் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கையைக் கொண்டுபோய் கதவு மேல, ஸ்பீக்கர் இருக்கிற இடத்துல, உள்ளங்கையை வச்சார். அது அதிர்ந்துக்கிட்டு இருந்துச்சு. சூடு பட்ட மாதிரி எடுத்துட்டார்.

தண்ணி வேண்டாம் அக்கா. இல்ல, கொடுங்க.

வீட்டுல அம்மாகிட்ட கேட்டேன். அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. ரெண்டு வருஷமாத் தெரிஞ்சிருக்கு. எங்கம்மாவுக்குப் பிறவியிலேயே உரத்த குரல்னு நினைச்சிருந்தேன் நான். "டிவி சத்தத்தைக் குறைங்க, பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் உரிமை இருக்கு"ன்னு எத்தனை தடவை ரிமோட்டைப் பிடுங்கியிருக்கேன். செட்டை ஏன் ஊமையாக்கினார் தெரியுமா? புதுசா மாட்டின வாரத்துல ஒரு பார்ட்டி, "டிரைவர் குறைங்க, டிரைவர் குறைங்க"ன்னு கத்திக்கிட்டே மலை ஏறியிருக்காங்க. கீழ இறங்கி ஒருத்தர் இவர் தோளைப் பிடிச்சுக் குலுக்கி, "செவிடா நீ?"ன்னு கேட்டிருக்கார். அதிலிருந்துதான். பாட்டு இருந்தாத்தானே குறைக்கணும், கூட்டணும். செட்டு ரிப்பேர்னா ஒருத்தரும் எதுவும் கேக்க மாட்டாங்க.

என்கிட்ட சொல்லியிருக்கலாம். எனக்கு அதுதான் ஆத்திரம். நான் பேசுறதை எல்லாம் கேட்டுக்கிட்டு, இல்ல, கேக்காம, என் வாயைப் பார்த்துக்கிட்டுத் தலையை ஆட்டிக்கிட்டு இருந்திருக்கார். சொல்லியிருந்தா நான் ஒரு வழி கண்டுபிடிச்சிருப்பேன்.

இப்ப லெட்டருக்கு வர்றேன். இது என் யோசனை இல்ல, முதலாளி யோசனை. அவர் மோசமான ஆள் இல்ல. நேத்து கூட்டம் கலைஞ்சதும் என்னை ஆபீசுக்குள்ள கூப்பிட்டு, "ஏம்மா, முன்னாடி ஸ்பீக்கர் பேசலையோ? பின்னாடி மட்டும்தான் வந்துச்சோ? அதான் தவசி சத்தம் வரலைன்னானோ? கடைக்காரன் அப்படி எழுதிக் கொடுத்தா நான் ஃபைல்ல வச்சுக்கிறேன். நாளைக்கு யாராவது கேட்டா எனக்கு ஒரு காகிதம் வேணும்ல"ன்னார். அவருக்கும் அப்பாவை விட மனசில்ல. இன்னைக்கு மலை டிரிப்புக்குக்கூட அப்பாவைத்தான் அனுப்பியிருக்கார், பார்ட்டி ஒரு மாசம் முன்னாடியே சொல்லி வச்சது. சாயங்காலம் காகிதம் வரலைன்னா நாளையிலிருந்து அப்பாவுக்கு வண்டி இல்ல. மே மாசம் என் படிப்பு முடியுது. மே வரைக்கும்தான் அக்கா கேக்குறேன். வெறும் ரெண்டரை மாசம்.

அதைத்தான் கேப்பீங்கன்னு தெரியும். வளைவுல என்ன பண்ணுவார்னு. எதிர்ல வர்ற பஸ் கண்ணுக்குத் தெரியாத வளைவுல ஹார்ன் அடிச்சுட்டு நிக்கணும், பதிலுக்கு ஹார்ன் வந்தா ஒதுங்கணும், இல்லைன்னா ஏறணும், மலை டிரைவருக்கு அதுதான் அரிச்சுவடி. தெரியும். அதுக்கும் என்கிட்ட பதில் இருக்கு. ஒண்ணு, அவருக்கு அந்த ரோடு மனப்பாடம். ரெண்டு, பத்தொன்பது வருஷத்துல ஒரு கீறல் இல்ல, அதுல ரெண்டு வருஷம் காது கேக்காமலே ஓட்டினது. அதாவது காது கேக்காததுக்கும் விபத்துக்கும் சம்பந்தம் இல்லைன்னு ஆகுது. மூணு, சனி ஞாயிறு நானே முன் சீட்டுல ஏறிக்கிறேன். ஹார்ன் சத்தம் வந்தா அவர் முழங்கையைத் தொடுறேன். ஒரு தட்டு நில்லு, ரெண்டு தட்டு போ. நேத்து ராத்திரியே யோசிச்சுட்டேன். மத்த நாளுக்கு வேற யாரையாவது—

ஏன் சிரிக்கிறீங்க?

இல்ல, நீங்க சிரிக்கல. என்ன அக்கா? ஏன் அழுறீங்க? நான் ஏதாவது... என்ன, முன் சீட்டா?

இருங்க. இருங்க. திரும்பச் சொல்லுங்க.

அண்ணன் பைக்ல எங்கப்பா வண்டிக்குப் பின்னாடியே போனாரா? எப்ப? அந்த டீ குடிச்சுட்டு வந்த மறுநாளா? டம்டம்பாறை வளைவு தாண்டி... பஸ்காரன் ஹார்ன்ல கையை எடுக்காம வந்தானா. அப்பா நிக்கலையா. எவ்வளவு இடைவெளி? ஒரு கை அகலமா.

ஒரு கீறல் கூட இல்லைன்னு நான் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

அப்புறம்? "வண்டியை விட்டுடுங்கண்ணே"ன்னு அண்ணன் சொன்னாரா. அப்பா என்ன சொன்னார்? மகளுக்கு மே மாசம் முடிஞ்சிரும்னா? என்னைச் சொன்னாரா? நான் கேட்டேனா? நான் எப்பவாவது அப்படிக் கேட்டேனா அக்கா?

அதுலிருந்து ஒவ்வொரு மலை டிரிப்புக்கும் அண்ணன் முன் சீட்டுல... அப்பா கையைத் தட்டிக்கிட்டு, கைடுன்னு பார்ட்டிகிட்ட சொல்லிக்கிட்டு. அதான் கடை பாதி நாள் பூட்டிக் கிடந்துச்சா. "கடை எப்பவும் பூட்டியே இருக்கு, பொறுப்பில்லாத ஆள்"னு அதையும் நான் எழுதியிருக்கேன். ரெண்டாவது பத்தியில.

அப்ப இன்னைக்கு? அண்ணன் எங்கன்னு கேட்டேனே, நீங்க பதில் சொல்லலையே. இப்ப அந்த வண்டியிலயா இருக்கார்?

இல்லக்கா, நீங்க சொல்றது நியாயம்தான். உங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க. இதுல சீல் குத்தினா இன்னும் ரெண்டரை மாசம் அண்ணன் அந்த சீட்டை விட்டு இறங்க மாட்டார். எனக்குப் புரியுது. புரியுது, ஒரு நிமிஷம் என்னைப் பேச விடுங்க. இல்ல, நான் பேசல. நீங்க சொல்லுங்க.

...

சரி. லெட்டரைக் கொடுங்க. கிழிக்க வேண்டாம், என்கிட்ட இருக்கட்டும்.

மூணு பேர் சேர்ந்து ஒரு வளைவுல ஒரே நேரத்துல சரியா இருக்கணும். அண்ணனுக்கு ஹார்ன் கேக்கணும், தட்டணும், அப்பா அந்தத் தட்டைச் சரியாப் புரிஞ்சுக்கணும், பஸ்காரன் அதுவரைக்கும் வரக்கூடாது. என் மூணு பாயிண்டுல இதை நான் சேர்க்கவே இல்லக்கா.

எப்பக் கிளம்புவாங்க? நாலு மணிக்கு இறங்க ஆரம்பிப்பாங்களா? இப்ப மூணே முக்கால். அண்ணன் நம்பர் போடுங்க. டவர் இல்லையா? திரும்பப் போடுங்க. அப்பாவுக்குப் போட்டுப் பிரயோசனம் இல்ல, அவர் எடுக்க மாட்டார், "வண்டி ஓட்டும்போது எடுக்கக்கூடாது பாப்பா"ன்னு சொல்வார். எவ்வளவு பொறுப்புன்னு நான் ஹாஸ்டல்ல பெருமையடிச்சிருக்கேன்.

பெருமாள்மலை ஸ்டாண்டுல முதலாளியோட இன்னொரு வண்டி நிக்கும். அதுல பால்பாண்டி அண்ணன்தான் இன்னைக்கு. கீழ இறங்கணும்னா அந்த வழியாத்தான் வரணும். முதலாளி ஒரு போன் போட்டா அவர் கையைக் காட்டி நிறுத்திடுவார். வண்டியை அவர் எடுத்துட்டு வரட்டும். ஆனா முதலாளி காரணம் கேப்பார். காரணம் இல்லாம அவர் நிறுத்த மாட்டார்.

காரணம் ஒண்ணுதான் இருக்கு.

இருங்க, நான் போடுறேன். ரிங் போகுது. நீங்க போகாதீங்க, இப்படி என் பக்கத்துல நில்லுங்க. நான் இதுவரைக்கும் எந்த மேடையிலயும்... எடுத்துட்டார்.

முதலாளி, நான் தவசிமுத்து மக நித்யகல்யாணி பேசுறேன். இல்ல முதலாளி, லெட்டர் வாங்கல. வாங்கப் போறதும் இல்ல. குறுக்க பேசாதீங்க, தயவுசெஞ்சு, நான் முடிச்சிடுறேன். முன் ஸ்பீக்கர் நல்லாத்தான் இருந்துச்சு. நாலும் நல்லா இருந்துச்சு. ஜெயசீலன் அண்ணன் வேலையில ஒரு குறையும் இல்ல. நீங்க இப்பவே பால்பாண்டி அண்ணனுக்குப் போன் போட்டு பெருமாள்மலையில எங்கப்பா வண்டியை நிறுத்தச் சொல்லுங்க. ஹார்ன் அடிச்சு நிறுத்த வேண்டாம். ரோட்டு நடுவுல நின்னு ரெண்டு கையையும் தூக்கச் சொல்லுங்க.

ஏன்னா எங்கப்பாவுக்குக் காது கேக்காது முதலாளி.